மணிவேலும் பிருடையும்

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் வீட்டு வீணையில் சாரணித் தந்தி அறுந்துவிட்டது. சாயங்காலம் 5 மணிக்கு இரண்டு குழந்தைகள் பாடம் கேட்க வருவார்கள். நான் பால் வாங்கிக்கொண்டு, வழியில் இரண்டு பேரிடம் பேசிவிட்டுத் திரும்புவதற்குள் என் மனைவி புதுத் தந்தி போட்டு, சுருதியும் சேர்த்து, உறையைப் போட்டு மூடிவிட்டாள்.

"தந்தி அறுந்துடுச்சுன்னு சொன்னியே?" என்றேன்.

"அறுந்துச்சு. போட்டாச்சு" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அவளுக்கு 71 வயது. இரண்டு கையிலும் விரல் மூட்டுகள் வீங்கியிருக்கின்றன. ஊறுகாய் பாட்டில் மூடியை நான்தான் திறந்து கொடுக்கிறேன். அந்தக் கை வீணைக்குத் தந்தி மாற்றுகிறது என்றால் அதற்குக் காரணம், கிடாரிலிருந்து வந்த ஒரு சின்னப் பல்சக்கரமும், மடக்கி வைக்கிற ஒரு கைப்பிடியும்தான். வீணையில் இதைப் பொருத்துவது அபசாரம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் நாலு வருஷம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொள்ளத்தான் இந்தப் பதிவு.

வீணை வாசிக்காத நண்பர்களுக்காக முதலில் கொஞ்சம் விளக்கம். நம் வீணையில் 7 தந்தி. வாசிக்கிற தந்தி 4, தாளத்துக்கு 3. ஒவ்வொரு தந்தியும் ஒரு மரத் திருகில் சுற்றியிருக்கும். அதற்குப் பெயர் பிருடை. நாலு பிருடை தலைப்பக்கத்தில், மூன்று தண்டியின் பக்கவாட்டில். பிருடை ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சிறுத்து இருக்கும். அதை ஓட்டைக்குள் அழுத்திச் செருகினால் உராய்வில் பிடித்துக்கொண்டு நிற்கும். அதைத் தவிர வேறு பிடிமானம் கிடையாது. ஆகவே சுருதி சேர்க்கும்போது திருகினால் மட்டும் போதாது, திருகிக்கொண்டே உள்பக்கமாக அழுத்தவும் வேண்டும். அழுத்தம் குறைந்தால் தந்தி இழுத்த இழுப்பில் பிருடை சர்ரென்று திரும்பி அவிழ்ந்துவிடும். கூடினால் இறுகிப்போய் அசையாது. ஐப்பசி கார்த்திகையில் மழை ஈரத்தில் மரம் ஊதிக்கொள்ளும். சித்திரை வெயிலில் சுருங்கி வழுக்கும். வழுக்கினால் சாக்பீஸ் தடவுவார்கள். இறுகினால் சோப்பு தடவுவார்கள். எங்கள் வீட்டு வீணை உறையின் பைக்குள் எப்போதும் ஒரு துண்டு சாக்பீஸும் ஒரு துண்டு சோப்பும் இருக்கும்.

இந்த வீணை என் மாமனார் தஞ்சாவூரில் சொல்லி வைத்துச் செய்து வாங்கியது. பலா மரம். கல்யாணமாகி வரும்போது அவள் கூடவே வந்தது. 1979-ல் நாங்கள் பாடிக்குக் குடிவந்தபோது பாத்திர பண்டமெல்லாம் மாட்டு வண்டியில் வர, வீணை மட்டும் டாக்ஸியில் அவள் மடியில் வந்தது. நான் ஆபீஸ் போன பிறகு அக்கம்பக்கத்துப் பெண் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பாள். திருவலிதாயம் கோயிலில் நவராத்திரிக்கு வாசித்திருக்கிறாள். பெரிய வித்வாம்சினி என்றெல்லாம் சொல்லமாட்டேன். ஆனால் இந்தத் தெருவில் வீணை என்றால் எங்கள் வீடுதான்.

2013 வாக்கில் கையில் வலி ஆரம்பித்தது. வாசிக்க முடியாத வலி இல்லை. மீட்டுவதற்கும் கமகத்துக்கும் அவள் விரல் பழக்கப்பட்டது, அது ஓடியது. பிருடையைத் திருகத்தான் முடியவில்லை. அழுத்தித் திருகும்போது கட்டைவிரல் அடி மூட்டில் உயிர் போகும் என்பாள். கொஞ்ச நாள் நான் திருகிக் கொடுத்தேன். எனக்குச் சுருதி ஞானம் போதாது. "இன்னும் கொஞ்சம்... ஐயோ போதும்... இறக்குங்க... ரொம்ப இறக்கிட்டீங்க" என்று இரண்டு பேருக்கும் சண்டைதான் மிச்சம். 2015-ல் ஒரு நாள் வீணையை உறையில் போட்டு அலமாரிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். குழந்தைகளை வேறு டீச்சரிடம் போகச் சொல்லிவிட்டாள்.

மயிலாப்பூர் பக்கம் வீணை பழுது பார்க்கிற ஒருவரிடம் நான் யோசனை கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "கீ போட்டுடலாம் சார். கிடார் கீ. இப்ப புது வீணை வாங்கறவங்க நிறையப் பேர் அதான் கேக்கறாங்க" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தஞ்சாவூர் வீணைக்குக் கிடாரின் இரும்புத் திருகா? மாமனார் ஆசையாகச் செய்து வாங்கிய பொருளில் ஓட்டை போடுவதா? வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொல்லி, "நான் வேண்டாம்னுட்டு வந்துட்டேன்" என்று பெருமையாகவும் சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை. ரெண்டு நாள் கழித்து வேறு ஏதோ பேச்சில், "ஆசாரம் பார்த்துக் காப்பாத்தின வீணையை நீங்களே வாசிங்க" என்றாள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. இப்படியே 4 வருஷம் போயிற்று. ஆயுத பூஜைக்கு உறையைக் கழற்றிப் பொட்டு வைத்து மறுபடி மூடுவோம்.

2019 பொங்கலுக்கு பாரீஸிலிருந்து என் தம்பி மகன் வந்தான். கூடப் பிறந்த தம்பி இல்லை, சித்தப்பா மகன். பழைய பாண்டிச்சேரிக் குடும்பங்களுக்கு இது தெரிந்த கதை. 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று தவணை கொடுத்தார்கள். சித்தப்பா எழுதிக் கொடுத்தார், என் அப்பா கொடுக்கவில்லை. ஆகையால் அவர் பிள்ளைகள் பாரீஸில் பென்ஷன் வாங்குகிறார்கள். பிரெஞ்சு மீடியத்தில் படித்த நான் இங்கே சர்க்கார் ஆபீஸில் ஆங்கிலத்தில் நோட் போட்டுக் காலம் தள்ளினேன்.

பையன் ஒரு கிடாருடன் வந்தான். அவன் அப்பா 1980-களில் வாங்கிய கிப்சன் எலக்ட்ரிக் கிடார். கூடத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கும்போது ஒரு கம்பி அறுந்தது. புதுக் கம்பியை எடுத்தான். தலைப்பக்கத்தில் இருந்த திருகின் குமிழிலிருந்து நகத்தால் எதையோ நெம்பினான். குமிழுக்குள் மடங்கிக் கிடந்த ஒரு குட்டிக் கைப்பிடி வெளியே வந்தது. அதைப் பிடித்து, காப்பிக்கொட்டை அரைக்கிற மெஷினைச் சுற்றுவது போல விறுவிறு என்று சுற்றினான். கம்பி சுருண்டு ஏறிக்கொண்டது. பிறகு கைப்பிடியை மடக்கிக் குமிழுக்குள் தள்ளி, குமிழை இரண்டு விரலால் லேசாக அசைத்துச் சுருதி சேர்த்தான். எல்லாம் ஒரு நிமிஷ வேலை.

என் வாயிலிருந்து என்னை அறியாமல், "ஓ! மனிவெல்!" என்று வந்தது. பையன் சிரித்துவிட்டான். "உய், பெரியப்பா, மனிவெல்!"

பிரெஞ்சில் கைப்பிடிச் சுழற்றிக்கு அதுதான் பெயர். கேட்பதற்கு நம் மணிவேல் மாதிரியே இருக்கும். அந்தப் பெயருள்ள பையன் பிரெஞ்சு வகுப்பில் இருந்தால் அவன் பாடு திண்டாட்டம்தான். கிராமபோனுக்குச் சாவி கொடுப்பது, பழைய காரை முன்னாலிருந்து சுற்றிக் கிளப்புவது, கிணற்று ராட்டினத்தைச் சுற்றுவது, எல்லாமே மனிவெல். சினிமாவில் முதல் நாள் படப்பிடிப்புக்குப் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் "முதல் மனிவெல் சுற்று" என்றுதான் சொல்கிறார்கள். கேமராவைக் கையால் சுற்றிய காலத்துப் பேச்சு அது. எங்கள் முசே இன்னொன்றும் சொல்லித் தந்தார். பிடிலில் இருக்கும் மரத் திருகுக்குப் பிரெஞ்சில் ஷெவிய் என்று பெயர். கணுக்காலுக்கும் அதே சொல். செய்யுளில் சீர் குறையும்போது அடைக்கிற வெற்றுச் சொல்லுக்கும் அதே சொல், நாம் அசைச்சொல் என்கிறோமே, அது. ஆக, ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்பது எதுவோ அது ஷெவிய். கிடாரின் பல்சக்கரத் திருகை மட்டும் அப்படிச் சொல்லமாட்டார்கள். அதற்கு மெகானிக் என்று தனிப் பெயர். இரண்டும் வேறு வேறு சாதனம் என்பது அந்த மொழியிலேயே தெரிகிறது.

அன்று ராத்திரி பையனை உட்காரவைத்து அந்தத் திருகு எப்படி வேலை செய்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். குமிழின் தண்டில் மரை வெட்டியிருக்கிறது, திருகாணி மாதிரி. அந்த மரை ஒரு சின்னப் பல்சக்கரத்தோடு கோத்துக்கொண்டிருக்கிறது. பல்சக்கரத்தின் மேல்தான் கம்பி சுற்றும் தூண். குமிழைத் திருப்பினால் பல்சக்கரம் திரும்பும். ஆனால் கம்பி எவ்வளவுதான் இழுத்தாலும் பல்சக்கரத்தால் மரையைத் திருப்ப முடியாது. விட்ட இடத்தில் அப்படியே நிற்கும். அழுத்திப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. என் மனைவியின் கட்டைவிரலை வாட்டிய அந்த அழுத்தத்தை இங்கே மரை பார்த்துக்கொள்கிறது.

இதற்கு விலை ஒன்று உண்டு. சாதாரணமாக இந்தத் திருகுகளில் குமிழை 14 முறை சுற்றினால்தான் தூண் ஒரு முறை சுற்றும். சிலவற்றில் 18 முறை. அதனால்தான் நுணுக்கமாகச் சுருதி சேர்க்க முடிகிறது. ஆனால் புதுக் கம்பி போடும்போது? தூணில் மூன்று சுற்று வர வேண்டுமென்றால் 42 முறை குமிழைச் சுற்றவேண்டும். விரலால் பிடித்தால் ஒரு பிடிக்கு அரைச் சுற்றுதான் வரும். ஆக 84 பிடி. 6 கம்பிக்கு 504 பிடி. கணக்குப் போடுவதுதானே என் தொழில், காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். மரப் பிருடையில் சுற்றுவது சுலபம், மூன்றே சுற்று. கடைசி மயிரிழை சேர்ப்பதுதான் கஷ்டம். பல்சக்கரத்தில் அந்த மயிரிழை சுலபம், சுற்றுவது கஷ்டம். மடக்குக் கைப்பிடி அந்த இரண்டாவது கஷ்டத்தையும் தீர்த்துவிடுகிறது. முழுக்கை அசைவில் கடகடவென்று சுற்றலாம். விரல் மூட்டுக்கு வேலையே இல்லை.

கம்பி சுற்றுவதற்கென்றே பிளாஸ்டிக்கில் தனிக் கைப்பிடி எல்லா வாத்தியக் கடையிலும் சல்லிசாகக் கிடைக்கும் என்றும் பையன் சொன்னான். குமிழின் மேல் கவிழ்த்துச் சுற்றினால் போதும். அப்படியிருக்க, குமிழுக்குள்ளேயே ஏன் வைத்தார்கள் என்று கேட்டேன். "கம்பி அறுபடும்போது அந்தப் பிளாஸ்டிக் எங்கே இருக்கும் பெரியப்பா? வேறே பையிலே இருக்கும்" என்றான்.

இது எனக்கு உடனே புரிந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த ஆபீஸில் சைக்ளோஸ்டைல் மெஷின் ஒன்று இருந்தது. ஸ்டென்சில் வெட்டி உருளையில் மாட்டி, கைப்பிடியைப் போட்டுச் சுற்றினால் நகல் விழும். கைப்பிடி கழற்றக்கூடியது. கண்டவர்கள் சொந்த வேலைக்குச் சுற்றிவிடுகிறார்கள் என்று தலைமை எழுத்தர் அதைக் கழற்றித் தன் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிக்கொண்டார். அவர் திருப்பதிக்குப் போன நாலு நாளும் ஒரு சுற்றறிக்கைகூட வெளியே போகவில்லை. அவசரத்துக்கு ஒரு பியூன் குறடு போட்டு உருளையைத் திருப்பப் பார்த்து அச்சை வளைத்துவிட்டான். பிறகு அதற்கு ஒரு விசாரணை, அந்த விசாரணைக்கு ஒரு ஃபைல். மெஷின் ஓரிடத்தில், கைப்பிடி ஓரிடத்தில் என்றால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இது பழைய பிரச்சினைதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 18-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் லண்டனில் ஜான் பிரெஸ்டன் என்ற வாத்தியக்காரர் இங்கிலீஷ் கிடார் என்ற கம்பி வாத்தியத்துக்கு ஒரு திருகாணி அமைப்பு போட்டுக் கொடுத்தார். அதைத் திருகக் கடிகாரச் சாவி வேண்டும், பாக்கெட் கடிகாரத்துக்குக் கொடுக்கிற அதே மாதிரிச் சாவி. சாவி தொலைந்தால் வாத்தியம் ஊமை. பிறகு 1820-களில் வியன்னாவில் ஸ்டாஃபர் என்பவர் செய்த கிடார்களில் மரையும் பல்சக்கரமும் குமிழோடு சேர்ந்தே வந்தன. அவரிடம் வேலை பார்த்த மார்ட்டின் 1833-ல் அமெரிக்கா போய்க் கிடார் செய்ய ஆரம்பித்தார். அந்தக் கம்பெனி இன்றும் நடக்கிறது. 1980-ஐ ஒட்டி கிப்சன் கம்பெனி சில கிடார்களில் இந்த மடக்குக் கைப்பிடியையும் சேர்த்துக் கொடுத்தது. தனியாக இருந்த சாவி 200 வருஷத்தில் மெள்ள மெள்ள நடந்துவந்து வாத்தியத்தோடு ஒட்டிக்கொண்டது என்று நான் இதைப் பார்க்கிறேன்.

மறுநாள் காலை என் மனைவி அந்தக் கிடாரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கைப்பிடியை நெம்பி எடுத்தாள், சுற்றினாள், மடக்கினாள். குமிழைத் திருகினாள். வலிக்கிறதா என்று நான் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "பெரியம்மா, உங்க வீணைக்கும் போடலாமே" என்றான் பையன். அவள் என்னைப் பார்த்தாள். நான் மயிலாப்பூருக்கு போன் போட்டேன்.

அவர் செய்த வேலையையும் சொல்ல வேண்டும். மாமனார் வீணையில் புதிதாக எங்கேயும் குடையவில்லை. பழைய பிருடை ஓட்டைகளில் அளவாகக் கடைந்த மரக்கட்டைகளைச் செருகி, அவற்றின் நடுவில் கீயின் தூண் நுழைய ஓட்டை போட்டார். என்றைக்காவது வேண்டாம் என்றால் கட்டையைத் தட்டி எடுத்துவிட்டுப் பழைய பிருடையையே போட்டுக்கொள்ளலாம். 7 பிருடையையும் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். இன்றும் பூஜை அலமாரியில் இருக்கின்றன.

மடக்குக் கைப்பிடி மட்டும் கடையில் கிடைக்கவில்லை. அதற்குத்தான் நம்ம ஊர் இருக்கிறதே. லூக்காஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாசனர்ஸ் என்று மரையும் பல்சக்கரமும் திருகாணியுமாகவே பிழைத்த ஊர் பாடி. தெருவுக்கு இரண்டு ரிட்டயர்டு டர்னர் இருப்பார்கள். எங்கள் எதிர்வீட்டு நண்பரும் அப்படித்தான், லேத்தில் 30 வருஷம் நின்றவர். கிடார் கீயின் குமிழ் ஒரு சின்ன ஸ்க்ரூவில்தான் நிற்கிறது, கழற்றி மாற்றலாம் என்று பார்த்த உடனே சொல்லிவிட்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் தெரிந்த பட்டறை ஒன்றில் உட்கார்ந்து அலுமினியத்தில் கொஞ்சம் பெரிய குமிழாகக் கடைந்து, அதில் காடி வெட்டி, மடங்கும் கைப்பிடி ஒன்றையும் பொருத்திக் கொண்டுவந்தார். நாலு வாசிப்புத் தந்திக்கும் நாலு. காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டார். பதிலுக்கு அவர் பேத்திக்குப் பாடம்.

முதல் நாளே ஒரு வில்லங்கம். ஷட்ஜத்தை மீட்டினால் எங்கேயோ 'ர்ர்ர்' என்று ஒரு ஈயின் சத்தம். தேடிப் பார்த்தால் மடக்கி வைத்த கைப்பிடிதான் அந்த நாதத்துக்குச் சேர்ந்து அதிர்ந்திருக்கிறது. நண்பர் காடிக்குள் ஒரு மெல்லிய நைலான் வாஷரை வைத்தார், சத்தம் அடங்கியது. கிடாரில் இந்தக் கைப்பிடி எல்லோரிடமும் பரவாததற்கு இப்படிப்பட்ட தொல்லைகளும் காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அசையும் பாகம் ஒன்று கூடினால் அதிரும் பாகமும் ஒன்று கூடுகிறது. இப்போது கம்பியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் கீகள் வேறு வந்துவிட்டன. அவற்றில் ஒரு சுற்றுகூடச் சுற்ற வேண்டாமாம்.

இனி ஆட்சேபணைகளுக்கு வருகிறேன். என் பழைய வாதங்களே அவை, எனக்கு மனப்பாடம்.

பரம்பரை என்ன ஆவது? தஞ்சாவூர் வீணை இன்றுள்ள 24 மெட்டு வடிவத்துக்கு வந்தது 17-ம் நூற்றாண்டில், ரகுநாத நாயக்கர் காலத்தில் என்கிறார்கள். அதாவது ஒரு காலத்தில் அதுவும் புதுசு. பிடில் ஐரோப்பாவிலிருந்து வந்தது. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் அதைக் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு சுவாதித் திருநாள் மகாராஜா 1834-ல் தந்தத்தால் ஆன பிடிலையே பரிசாகக் கொடுத்தார். இன்று பிடில் இல்லாத கச்சேரி உண்டா? மாண்டலின் ஸ்ரீநிவாஸ் சின்னப் பையனாக எலக்ட்ரிக் மாண்டலினோடு மேடை ஏறியபோது முகம் சுளித்தவர்களும் பிறகு முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார்கள். அவர் வாத்தியத்தில் இருந்தது பல்சக்கரத் திருகுதான். அதனால் அவருடைய கமகம் கெட்டுவிட்டதா?

நாதம் மாறாதா? என் காது பெரிய காது இல்லை. என் மனைவியின் காதைத்தான் நம்புகிறேன். மாறவில்லை என்கிறாள். கனம் கூடியிருக்கிறது, அது உண்மை. 7 கீயையும் பொருத்துமுன் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கீழே உட்கார்ந்து மடியில் சாய்த்து வாசிக்கிற வாத்தியம் என்பதால் அவளுக்குத் தெரியவில்லை. ஒல்லியான சின்னக் குழந்தைக்குத் தெரியலாம்.

லங்கரில் நுண்சுருதி சேர்க்கத்தான் வளையம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அது கடைசி மயிரிழைக்கு. பிருடையே வழுக்கி இறங்கிவிட்டால் அந்த வளையம் என்ன செய்யும்?

கடைசியாக, பிருடை திருகுவதும் சாதகத்தில் சேர்த்தி, சுகம் தேடினால் வித்தை வராது என்பார்கள். இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டுக்கு வரும் குழந்தைகளில் ஒருத்தி மரப் பிருடை உள்ள வீணையில்தான் கற்கிறாள். அவள் கை அதற்குப் பழக வேண்டும், பழகட்டும் என்பதே என் மனைவியின் கட்சியும். சுருதியைக் காதால் கேட்டு, கையால் தேடிப் பிடிப்பது ஒரு பயிற்சி. ஆனால் 50 வருஷம் அந்தச் சாதகத்தைச் செய்து முடித்த ஒருத்தியிடம் போய் இதையே சொல்வதில் என்ன நியாயம்? அவளுக்கு வராத வித்தை இல்லை. வராதது கட்டைவிரல் மூட்டு மட்டும்தான்.

இன்னொன்றிலும் எதிர்க்கட்சியோடு நான் சேர்ந்துகொள்கிறேன். பழைய, நல்ல வீணையை எடுத்துக் கண்டபடி குடைந்துவிடக் கூடாது. ஒரே கட்டையில் குடைந்த ஏகாண்ட வீணை வீட்டில் இருந்தால் அனுபவமுள்ள கையிடம் மட்டும் கொடுங்கள். திரும்பப் பழையபடி ஆக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாது என்று சொன்னால், அதைப் பெரியவர்களின் நினைவாக வைத்துக்கொண்டு, கீ போட்ட வீணை ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பிருடைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வீணை செய்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கீ போட்டுத் தருகிறீர்கள், நல்லது. ஆனால் கிடாருக்கென்று செய்த குமிழை அப்படியே மாட்டுகிறீர்கள். அது 20 வயது விரலுக்கு அளவெடுத்தது. வயதானவர்களுக்குப் பெரிய குமிழும், சத்தம் போடாத மடக்குக் கைப்பிடியும் கொடுத்தால் என்ன? பாடியில் ஒரு டர்னர் ஒரு வாரத்தில் செய்துவிட்டார். அதிரக் கூடாது என்பது ஒன்றுதான் இதில் இருக்கிற சூட்சுமம். ஒரு வாஷரில் அது தீர்ந்தது.

என் வயதுக்காரர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். நம் வீடுகளில் உறை போட்டு நிறுத்திய வாத்தியங்கள் நிறைய. வீணை, பிடில், ஆர்மோனியம். வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள், வாசிப்பும் மறந்துபோகவில்லை. ஏதோ ஒரு சின்ன இடத்தில் கை மாட்டிக்கொண்டிருக்கும். அது எந்த இடம் என்று வீட்டில் கேட்டதுண்டா? நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "பிருடைதான்" என்று 2015-லேயே பதில் வந்திருக்கும். நான் மாமனாரின் மரியாதையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவர் பெண்ணை 4 வருஷம் சும்மா உட்காரவைத்தேன். மாமனார் இருந்திருந்தால் என்னைத்தான் திட்டியிருப்பார். அவர் வீணை செய்து வாங்கியது பொட்டு வைக்க அல்ல, பெண் வாசிக்க.

2020-ல் ஊரடங்கு வந்தது. எம்.டி.எச். ரோட்டில் ஒரு லாரிச் சத்தம்கூட இல்லாத அந்த மாதங்களில் தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வீணை கேட்டது. எதிர்வீட்டு நண்பர் தன் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பார். ஒரு நாள் அங்கிருந்தே சத்தமாகக் கேட்டார்: "அம்மா, ஈ கத்துதா?"

"இல்லீங்க" என்று இங்கிருந்து பதில் போயிற்று.

இப்போது மணி 5 ஆகப் போகிறது. குழந்தைகள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கிறது. புதுத் தந்தி முதல் சில நாள் இறங்கிக்கொண்டேதான் இருக்கும், அடிக்கடி ஏற்ற வேண்டும். அதை அவளே பார்த்துக்கொள்வாள். ஊறுகாய் பாட்டிலைத் திறக்க மட்டும் என்னைக் கூப்பிடுவாள்.